மறு: 'இரத்தச் சேமிப்பு' அடிபட்டுவிட்டது, வெள்ளிக்குள் வேறு சொல் வேண்டும்

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
வணக்கம். பிறர் இரத்தம் ஏற்றாமல் அறுவை செய்யும் முறைகள் பற்றி, ஒரு மருத்துவமனைக்காக நோயாளிக் கையேட்டை மலாய் மொழியிலிருந்து தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சு. மொத்தத் துறைக்கும் 'இரத்தச் சேமிப்பு' என்று போட்டிருந்தேன். சரிபார்த்த டாக்டர் அடித்துவிட்டார். துறைக்கு ஒரு சொல் வேண்டும். அறுவையில் சிந்தும் இரத்தத்தை உறிஞ்சிக் கழுவி அவருக்கே ஏற்றும் முறைக்கு இன்னொன்று.

செந்தூல் தமிழாசிரியர்:
முதலில் 'இரத்தத்தை'த் தூக்குங்கள். ரகரம் நம் மொழியில் சொல்லுக்கு முதலில் வராது. முன்னால் ஓர் இகரத்தை ஒட்டித்தான் உள்ளே விட்டோம். குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே காந்தள் 'குருதிப்பூ' ஆகிவிட்டது. குருதிப் பேணல், குருதி மீட்பு. முடிந்தது.

பட்டர்வொர்த் தாதி:
எங்கே ஐயா முடிந்தது? வார்டில் 'குருதி' என்றால் பாட்டிமார் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மலாயில் 'டாரா' என்றால்கூடப் புரிகிறது! 'மீட்பு' அதைவிட வம்பு. இந்தக் கையேட்டைக் கேட்டு வாங்குபவர்களில், பிறர் இரத்தம் ஏற்க மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான யெகோவாவின் சாட்சிகள் உண்டு. 'இரத்த மீட்பு' என்று தலைப்பிட்டால் இயேசு சிந்திய இரத்தம்தான் நினைவுக்கு வரும், உறிஞ்சு குழாய் வராது.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
உதிரம்! உதிர்வதால் உதிரம். அறுவையில் உதிர்வதைத்தானே சேர்க்கிறோம்? 'உதிர மீட்சி'.

செந்தூல் தமிழாசிரியர்:
அது வடமொழி 'ருதிரம்' தம்பி. உதிர்தலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

கோலாலம்பூர் மயக்க மருத்துவர்:
சேமிப்பை அடித்தது சரியே. சாட்சிகள் தங்கள் இரத்தமே ஆனாலும் முன்கூட்டி எடுத்துச் சேமித்து வைத்ததை நெடுங்காலம் ஏற்காமல் இருந்தவர்கள். ஆனால் உடலோடு தொடர்பு அறாமல் குழாயில் சுற்றிவரும் கருவியைச் சிலர் ஏற்பார்கள். அது அவரவர் மனசாட்சி. தலைப்பில் 'சேமிப்பு' இருந்தால் பலர் அங்கேயே தாளை மடித்துவிடலாம்.

இன்னொன்று. கருவி, இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் அல்லது சிட்ரேட் கலந்து உறிஞ்சி, மையவிலக்கில் சுழற்றி, உப்புநீரில் கழுவும். திரும்புவது சிவப்பணு மட்டும்தான். தட்டணுக்களும் உறைகாரணிகளும் கழுவிய நீரோடு போய்விடும். ஆகவே 'சிவப்பணு மீளேற்றம்' என்பேன். துறையோ இதைவிடப் பெரிது. அறுவைக்கு முன்பே இரும்புச்சத்து கொடுத்துச் சோகையைச் சரிசெய்வது, டிரானெக்சாமிக் அமிலத்தால் கசிவைக் குறைப்பது எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதய அறுவை நிபுணர் டென்டன் கூலி குழுவினர், சாட்சிகளுக்கு இரத்தம் ஏற்றாமல் செய்த 542 இதய, இரத்தக்குழாய் அறுவைகளைப் பற்றி 1977இலேயே எழுதிவிட்டார்கள்.

செந்தூல் தமிழாசிரியர்:
மீள் + ஏற்றம். அருமை டாக்டர். கிணற்று ஏற்றமும் இதே வேர்தான். இறைத்தது வயலுக்குப் போகும், இது புறப்பட்ட இடத்துக்கே போகிறது. ஏற்றப்பாட்டில் பாட்டை எண்ணிச் சால் கணக்கு வைப்பார்கள் தெரியுமா? அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பட்டர்வொர்த் தாதி:
எழுதாதீர்கள் ஐயா, வெள்ளிக்குப் பிறகு எழுதுங்கள். சிவப்பணு வேண்டாம் டாக்டர். "என் ரத்தம்தானா இது?" என்றுதான் நோயாளி கேட்பார். அதற்குப் பதில் சொல்லிலேயே இருக்கட்டும்: 'சொந்த இரத்த மீளேற்றம்'.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர்:
நன்றி, அப்படியே வைக்கிறேன். மயக்கம் கொடுத்ததும் கொஞ்சம் இரத்தம் எடுத்துவைத்து, ஈடாக உப்புநீர் ஏற்றி, கடைசியில் திருப்பிக் கொடுப்பார்களே, அதற்கு 'இரத்த நீர்ப்பு' சரியா?

பட்டர்வொர்த் தாதி:
"தண்ணி கலக்கிறீங்களா?" என்பார்கள். விளக்கமாக எழுதிவிடுங்கள்.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர்:
சரி. துறைக்கு 'இரத்த இழப்புத் தவிர்ப்பு' என்று அனுப்பிவிட்டேன். இரும்புச்சத்து அதற்குள் அடங்காது என்று டாக்டர் முனகுகிறார். நேரமில்லை.

செந்தூல் தமிழாசிரியர்:
'குருதி' என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடலாமே?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
உதிரம் பற்றி இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.