சீசமாய்டு எலும்புக்குத் தமிழ்ச்சொல்: ‘நாண்மணி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எலும்பு வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் போட்டுவரும் நம் குழுவில், ஐந்தாவது வகைக்கு வந்து நிற்கிறோம். நீள எலும்பு, குட்டை எலும்பு, தட்டை எலும்பு மூன்றுக்கும் யாரும் மறுப்பு சொல்லவில்லை. ‘ஒழுங்கற்ற எலும்பு’ எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை. முதுகு முள்ளெலும்பைக் காட்டி அப்படிச் சொன்னால், தனக்கு ஏதோ கோளாறு என்று நோயாளி பயந்துவிடுகிறார். ஆனால் அது ஊறிப்போன சொல், இன்னொரு நாள் பேசலாம். ஐந்தாவதான சீசமாய்டுக்கு (தசைநாணுக்குள் உருவாகும் எலும்பு, முழங்கால் மூடி போல) நம் குழுவின் நெல்லை அண்ணாச்சி ‘எள்ளெலும்பு’ என்று எழுதி, இருவர் வழிமொழிந்திருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அண்ணாச்சியின் நியாயம் எனக்குப் புரிகிறது. கிரேக்கத்தில் சேசமோன் என்றால் எள். எள் போன்றது சீசமாய்டு. மூலத்துக்கு நேர்மையான சொல்தான். ஆனால் குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு அது கைகொடுக்கவில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் பேச்சில் எலும்புக்கே ‘எல்லு’ என்றுதான் பெயர். மலையாளத்திலும் அதே சொல். எள்ளும் எல்லும் எழுத்தில் வேறு, காதில் கிட்டத்தட்ட ஒன்று.

போன மாதம் அடிமுறை என்ற தற்காப்புக் கலை பழகும் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். வெறுங்காலில் சுவடு வைத்துப் பழகுகிறவன். வலது கால் பெருவிரலுக்கு அடியில், தரையில் ஊன்றும் மேட்டில் வலி. எக்ஸ்ரேயில் அங்கே இரண்டு துண்டாக ஏதோ தெரிய, ‘எலும்பு உடைந்திருக்கிறது’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையனும் கூட வந்த ஆசானும் பதறிப்போயிருந்தார்கள். படத்தைப் பார்த்தால் அது சீசமாய்டு. சிலருக்கு இந்த எலும்பு பிறவியிலேயே இரண்டு பாகமாக நின்றுவிடும். அப்படிப்பட்டதில் விளிம்புகள் வழவழப்பாக உருண்டிருக்கும். புதிய முறிவென்றால் கூராகக் கிழிந்த மாதிரித் தெரியும். இவனுக்கு விளிம்பு உருண்டுதான் இருந்தது. அண்ணாச்சியின் சொல் நினைவுக்கு வர, “இது எள்ளெலும்பு தம்பி” என்றேன். “எல்லுன்னாலே எலும்புதானே சாரே?” என்று கேட்டான். எண்ணெய் ஆட்டுகிற எள்ளு என்று விளக்கிய பிறகும், எலும்புக்குள் எள் எங்கே வந்தது என்றுதான் அவன் முகம் கேட்டது.

ஓர் ஊரின் உச்சரிப்புக்காக மட்டும் ஒரு சொல்லைத் தள்ளிவிட முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். என் பெரிய மறுப்பு வேறு. முதல் நான்கு வகைகளும் எலும்பின் வடிவத்தையும் அமைப்பையும் சொல்கின்றன. (நீள எலும்பு என்பதுகூட அளவல்ல. விரலின் சின்ன எலும்புக்கும் நடுத்தண்டும் இரு முனைகளும் இருப்பதால் அது நீள எலும்பு; அதைவிடப் பல மடங்கு நீண்ட விலா எலும்பு தட்டை எலும்பு.) ஐந்தாவது வகை அப்படிப்பட்டதல்ல. அதன் அடையாளம் வடிவமில்லை, இடம். தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணுக்குள் உருவாகிற எலும்பு அது. எள்ளளவும் இருக்கலாம், முழங்கால் மூடியளவும் இருக்கலாம். வகையிலேயே பெரியது முழங்கால் மூடிதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு எள் என்று சொல்ல மாணவர்களிடம் வாய் வராது.

இடம் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு நோயாளி. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற அக்கா, மழை ஈரத்தில் வழுக்கி முழங்கால் பாறையில் அடிபட விழுந்தார். “முட்டுச் சிரட்ட பொட்டிட்டு” என்றுதான் சொன்னார். முழங்கால் மூடி குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது. வீக்கத்தைவிட அவரைப் பயமுறுத்தியது வேறொன்று: காலை நீட்டித் தூக்க முடியவில்லை. தொடையின் முன்தசை முழங்கால் மூடியைப் பிடித்துத்தான் கீழ்க்காலை இழுக்கிறது. மூடி உடைந்ததும் மேல்துண்டு தசையோடு மேலே போய்விட்டது, இழுவிசை கீழே வந்து சேரவில்லை. கம்பி போட்டுக் கட்டிய பிறகுதான் பயிற்சிக்கு என்னிடம் வந்தார். முழங்கால் மூடி மூட்டுக்கு வெறும் கவசம் என்றால் இதை விளக்கவே முடியாது. அது நாணை மூட்டிலிருந்து முன்னே தள்ளிப் பிடித்து, குறைந்த பலத்தில் காலை நீட்ட உதவுகிறது. கால் பெருவிரல் அடியில் எல்லோருக்கும் இயல்பாக இருக்கும் இரண்டு சீசமாய்டுகளும் உந்தி நடக்கும்போது எடையைத் தாங்கி, நாணைத் தேய்மானத்திலிருந்து காக்கின்றன. மணிக்கட்டில் பட்டாணி போலத் துருத்தும் சின்ன எலும்பும் ஒரு நாணுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே சொல்லில் ‘நாண்’ வர வேண்டும். ‘நரம்பு’ வேண்டாம். எங்கள் ஊரில் மட்டுமல்ல, எங்குமே பேச்சில் நாண், நரம்பு, ரத்தக்குழாய் மூன்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம், அந்த ஆசானும் “நரம்புக்குள்ள கிடக்க எல்லா (எலும்பா)?” என்றுதான் கேட்டார். முதலில் ‘நாணிடை எலும்பு’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் நாவில் உலர்ந்து நிற்கிறது.

அப்புறம் அரைஞாண் நினைவுக்கு வந்தது. குழந்தை இடுப்புக் கயிற்றில் மணி கோத்துக் கட்டுவோமே, அது போல நாணில் ஒரு மணி. நாண்மணி எலும்பு. மணி என்றால் துளையிட்டுக் கோத்ததுதானே, இந்த எலும்பில் துளை இல்லையே என்று கேட்பீர்கள். நெல்மணிக்குத் துளை இல்லை. விதையையும் மணி என்கிற மொழி நம்முடையது; ஆகவே அண்ணாச்சியின் எள்ளும் இதற்குள் அடக்கம் என்றே நினைக்கிறேன். வடிவம் பெரிதானாலும் சிறிதானாலும் ‘மணி’ இடம் கொடுக்கும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். நாண்மணியும் நான்மணியும் பேச்சில் ஒன்றாகக் கேட்கும். எள்ளுக்கும் எல்லுக்கும் சொன்ன மறுப்பு இதற்கும் பொருந்தாதா என்றால், பொருந்தும். ஆனால் அங்கே குழம்புவது எலும்போடேயே. இங்கே ‘நான்கு மணி’ என்று பொருள் கொள்ள எலும்புப் பேச்சில் வழியில்லை. இதைவிடக் காதுக்குத் தெளிவான சொல் கிடைத்தால் இதை விட்டுவிடுகிறேன்.

முழங்கால் மூடிக்குச் ‘சில்லு’ என்று சிலர் எழுதுகிறீர்கள். எனக்குச் சிரட்டை வேண்டும். தேங்காய் ஓட்டைத் தமிழகத்தின் பல பகுதிகளில் கொட்டாங்கச்சி என்பார்கள், குமரியில் சிரட்டை. ஈழத்திலும் சிரட்டைதான், யாழ்ப்பாண நண்பர் இதற்குக் கை தூக்குவார் என்று நம்புகிறேன். சில்லு என்றால் உடைந்த துண்டு என்ற பொருளும் வந்துவிடுகிறது. உடையாத எலும்புக்கு ஏன் உடைந்த பெயர்? ரப்பர் மரத்தில் பால் பிடிக்கச் சிரட்டை கட்டிப் பழகிய அந்த அக்காவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பட்டியலுக்கு என் வரைவு இது:

நாண்மணி எலும்பு: தசைநாணுக்குள் உருவாகும் எலும்பு. முழங்கால் சிரட்டை, கால் பெருவிரல் அடியிலுள்ள இரண்டு எலும்புகள் முதலியன. பிறந்த குழந்தைக்குச் சிரட்டை குருத்தெலும்பாகவே இருக்கும். 3 முதல் 6 வயதுக்குள் எலும்பாகத் தொடங்கும். பெரியவர்களின் 206 எலும்புகளில் சிரட்டை இரண்டும் சேரும். பெருவிரல் அடியிலுள்ளவை சேரா.

அண்ணாச்சி, உங்கள் பதிலைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன். வழிமொழிந்த இருவரும் உங்கள் ஊர்ப் பக்கம் முழங்கால் மூடிக்கு வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
மார்த்தாண்டத்திலிருந்து