பனோரமாவுக்கு எந்த ஆப் நல்லது? போன்ல இருக்கறதே போதுமா, தனியா போடணுமா?

மலைமுகடு:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட ஒரு ஆண்ட்ராய்டு போன் இருக்கு, தங்கச்சிகிட்ட ஐபோன் இருக்கு, அதனால எந்த ஆப் சொன்னாலும் போட்டுப் பாத்துடலாம். விஷயம் என்னன்னா, போன வாரம் ஒரு மலை உச்சில கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால நின்னு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போன மெதுவா சுத்தி ஒரு பனோரமா எடுத்தேன், போன் ஸ்கிரீன்ல பாக்கறப்ப கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல தெறந்து பெருசாக்கினப்பதான் வண்டவாளம் தெரிஞ்சுது. கம்பி நடுவுல வெட்டுப்பட்டு ஒரு துண்டு மேலயும் ஒரு துண்டு கீழயும் நிக்குது. ஓரமா நடந்து போன ஒருத்தருக்கு மூணு கால். வானம் இடப்பக்கம் நல்ல நீலம், வலப்பக்கம் போகப்போக வெளுத்து சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அடிவானம் வேற நெளியுது.

எனக்கு அந்தக் காட்சிய 4 அடி அகலத்துக்கு பிரிண்ட் போட்டு செவுத்துல மாட்டணும்னு ஆசை, ரெண்டு வாரத்துல மறுபடி அங்க போறேன். அதுக்குள்ள தெரிஞ்சுக்க வேண்டியது: போன்லயே இருக்கற பனோரமா மோடு நல்லதா, தனி ஆப் நல்லதா? காசு குடுத்து வாங்கற ஆப்ல இந்த ஒட்டு தெரியற பிரச்சனை இருக்காதா? அப்புறம் தலைக்கு மேலேர்ந்து காலடி வரைக்கும் சுத்திச் சுத்தி எடுக்கற கூகுள் ஆப் ஒண்ணு முன்னாடி இருந்துச்சே, அது இப்ப தேடினா கிடைக்கலயே, என்ன ஆச்சு?

கைக்கேமரா:

நண்பா, தங்கச்சி ஐபோன வாங்கி முதல்ல அதுல ஒழுங்கா ஒண்ணு எடுத்துப் பாருங்க. அதுல இருக்கற பனோரமா மோடு 2012ல ஐஓஎஸ் 6 கூட வந்த வசதி, 240 டிகிரி வரைக்கும் போகும், முழு வட்டம் வராது. நெறைய பேருக்குத் தெரியாத ரெண்டு விஷயம் சொல்றேன். அந்த மோடுல ஸ்கிரீன்ல வர அம்புக்குறிய ஒரு தட்டு தட்டினா வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கமா எடுக்கலாம். போன படுக்கவெச்சுப் பிடிச்சு கீழேர்ந்து மேல தூக்கினா உசரமான மரம், கோபுரம் எல்லாம் ஒரே படத்துல வந்துடும். வானம் வெளுக்கறதுக்கு, எடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெளிச்சமான எடத்துல வெரல அழுத்திப் பிடிச்சு எக்ஸ்போஷர (படத்தோட வெளிச்ச அளவ) லாக் பண்ணிடுங்க, அதுவே பாதி பிரச்சனைய தீத்துடும். போன்ல பாக்கறதுக்கும் நண்பர்களுக்கு அனுப்பறதுக்கும் இதுக்கு மேல எதுவும் வேணாம்னு நான் நெனைக்கிறேன்.

முக்காலி:

கைக்கேமரா சொன்ன லாக் விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா 4 அடி பிரிண்டுக்கு சுத்தி எடுக்கற மோடு வேணாம்னு சொல்வேன், ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன் பொறுத்துக்கோங்க, இதுல நான் நெறைய நாள் செலவழிச்சிருக்கேன்.

பனோரமா ஆப்னு நாம சொல்றதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு நீங்க எடுத்த மாதிரி சுத்தி எடுக்கறது, வீடியோ மாதிரி ஓடிட்டே இருக்கற பிரேம்கள்லேர்ந்து நடுவுல மெல்லிசா ஒரு கீத்த மட்டும் வெட்டி வெட்டி அங்கயே பக்கத்துல பக்கத்துல ஒட்டிட்டுப் போகும். ஒரு ஆள் நடந்தா ஒவ்வொரு கீத்துலயும் அவர் வேற வேற எடத்துல இருப்பார், அதான் உங்க மூணு கால். எடுத்த கையோட அசல் பிரேம் எதுவும் மிஞ்சாது, தப்பு வந்தா திருத்த வழியே கிடையாது. ரெண்டாவது ஜாதி தனித்தனி போட்டோவா எடுத்துட்டு அப்புறமா ஒட்டறது. இதுல ஒவ்வொரு படமும் உங்க கேமராவோட முழுத் தரத்துல இருக்கும், ஒட்டினது பிடிக்கலன்னா வேற ஆப்ல குடுத்து மறுபடி ஒட்டிக்கலாம்.

ஆண்ட்ராய்டுல நான் எடுக்கறதுக்கு ஓபன் கேமரா வெச்சிருக்கேன், இலவசம், அதுல எக்ஸ்போஷர் லாக், வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) லாக் ரெண்டும் ஸ்கிரீன்ல பட்டனாவே வெச்சுக்கலாம், போன் சாயுதான்னு காட்டற கோடும் வரும். (அதுலயே பனோரமா மோடும் இருக்கு, போன் எப்படித் திரும்புதுன்னு அளக்கற கைரோஸ்கோப் சென்சார் இருக்கற போன்ல மட்டும் வேலை செய்யும்.) ஒட்டறதுக்கு போன்லயேன்னா பிமோஸ்டிட்ச், கேலரிலேர்ந்து படங்கள தேர்ந்தெடுத்துக் குடுத்தா அதுவே ஒட்டித் தரும். ஆனா பிரிண்டுக்குன்னா கம்ப்யூட்டர்ல ஹியூகின் போடுங்க, அதுவும் இலவசம்தான், ரெண்டு படத்துக்கும் பொதுவா இருக்கற புள்ளிகள அதுவே தேடிப் பிடிக்கும், தப்பா பிடிச்சத நீங்க கையால நீக்கலாம். நெளியற அடிவானத்த நேராக்கறதுக்கும் பட்டன் இருக்கு. இந்தப் புள்ளி தேடற வித்தை ஒண்ணும் புதுசில்ல, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல மேத்யூ பிரவுன், டேவிட் லோ ரெண்டு பேரும் 2003லயே, படங்கள எந்த வரிசைல கலைச்சுக் குடுத்தாலும் எதுக்குப் பக்கத்துல எதுன்னு தானே கண்டுபிடிக்கற முறைய வெளியிட்டாங்க, ஆட்டோஸ்டிட்ச்ங்கற படம் ஒட்டற சாஃப்ட்வேர் அதுலேர்ந்து வந்ததுதான். அதனாலதான் காசு குடுத்தா ஒட்டு மாயமாயிடும்னு நம்பாதீங்கன்னு சொல்றேன், கம்பி முறிஞ்சது ஆப்போட குத்தம் இல்ல.

அது எதனாலன்னு கேளுங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டு வெரல முகத்துக்கு முன்னாடி நீட்டி, தலைய இடம் வலமா நகத்துங்க, பின்னாடி இருக்கற செவுரோட ஒப்பிட்டா வெரல் எடம் மாறும். நாம கைய நீட்டி போன பிடிச்சுக்கிட்டு உடம்ப திருப்பறப்ப லென்ஸ் ஒரு பெரிய வளைவுல பயணம் பண்ணுது. மலை ரொம்ப தூரத்துல இருக்கறதால அதுக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு அடி தூரத்துல இருக்கற கம்பி எல்லாப் படத்துலயும் எடம் மாறிப் போகும், எந்த ஆப்பாலயும் அத முழுசா சேக்க முடியாது. அதனால போன் சுத்தணும், லென்ஸ் அதே எடத்துல நிக்கணும். முக்காலி கையில இல்லாதப்ப நான் பண்றது இது: லென்சுக்கு நேர் கீழ வர மாதிரி போன சுத்தி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அதுல நூல் கட்டி, நூல் நுனில ஒரு நட்டு தொங்கவிடுவேன், தரைய தொடாம ஒரு வெரல்கடை மேல நிக்கற நீளம். தரைல ஒரு சின்னக் கல்ல வெச்சுட்டு, நட்டு அந்தக் கல்லுக்கு மேலயே இருக்கற மாதிரி நான்தான் போன சுத்தி அடி வெச்சு நகருவேன். மொத தடவை கம்பி முறியாம வந்தப்ப எனக்கே நம்ப முடியல.

போன நிமித்திப் பிடிங்க, படுக்கவெச்சா உசரம் பத்தாது. அல்ட்ரா வைட் லென்ஸ் வேணாம், ஓரம் இழுக்கும். ஒவ்வொரு படமும் முந்தினதோட மூணுல ஒரு பங்குக்கு மேல சேந்து வரணும், 180 டிகிரிக்கு ஆறேழு படம் போதும். 12 மெகாபிக்சல் சாதாரண லென்ஸ்ல அது ஏறக்குறைய 9500 பிக்சல் அகலம் வரும். 4 அடின்னா 48 இஞ்ச், ஒரு இஞ்சுக்கு 150 பிக்சல் வெச்சாலும் 7200 தான் வேணும், தாராளம்.

சுழல்வட்டம்:

கூகுள் ஆப் பத்தி கேட்டீங்கல்ல, அது போட்டோ ஸ்பியர். 2012ல ஆண்ட்ராய்டு 4.2 கூட வந்துச்சு, ஸ்கிரீன்ல வர புள்ளிய தேடித் தேடி போன காட்டணும், ஞாபகம் இருக்கா? அப்புறம் ஸ்ட்ரீட் வியூ ஆப்லயும் இருந்துச்சு, அந்தத் தனி ஆப்ப 2023ல மூடிட்டாங்க, கூகுளோட பிக்சல் 8 போன்லேர்ந்து கேமரா ஆப்லயும் எடுத்துட்டாங்க. பழைய பிக்சல் யார்கிட்டயாவது இருந்தா அத பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க. ரூமுக்குள்ள, மரத்தடில, மேல கீழ எல்லாம் வேணும்னா இந்த வகைதான், சுவருக்கு மாட்டற பிரிண்டுக்கு இது ஒத்து வராது. இந்தப் படம் அகலம் உசரத்த விட சரியா ரெண்டு மடங்கு இருக்கும், ஓரத்த வெட்டிட்டா சுத்திப் பாக்கற வசதி கெட்டுப்போகும், அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். இந்த ஆப்புங்க வரும் போகும். மைக்ரோசாஃப்ட் போட்டோசிந்த்னு ஒண்ணு 2011ல ஐபோனுக்கு வந்து எல்லாரும் கொண்டாடினாங்க, 2017ல அந்த சைட்டே இல்ல. நான் வேற ஒரு ஆப்ல (பேர் வேணாம்) ரெண்டு வருஷம் எடுத்ததெல்லாம் அவங்க சர்வர்லயே விட்டு வெச்சிருந்தேன், ஒரு நாள் லாகின் பக்கமே வரல. என் தாத்தா அவர் சாய்வு நாற்காலில உக்காந்திருக்க நான் சுத்தி எடுத்த படம் அதோட போச்சு, என்கிட்ட இருக்கறது அதோட சின்ன ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். அதனால கேலரில அசல் பைலா சேமிக்காத ஆப் எவ்வளவு நல்லா ஒட்டினாலும் நான் தொடறதில்ல.

மலைமுகடு:

சுழல்வட்டம், தாத்தா படம் பத்தி படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. இன்னிக்கே என் பழைய ஆப் போல்டர்லேர்ந்து எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன்.

முக்காலி அண்ணா, உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி மொட்டை மாடில ஒத்திகை பாத்தேன். நூல் கட்டி நட்டு தொங்கவிட்டு ஏழு படம், பிமோஸ்டிட்ச்ல ஒட்டினேன், கைப்பிடிச் செவுரு ஒரு எடத்துலகூட முறியல! அதே எடத்துல கைய நீட்டி பழைய மாதிரியும் ஏழு எடுத்தேன், அதுல மூணாவது ஒட்டுல செவுரு படிக்கட்டு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டும் ஒரே ஆப், ஒரே போன். ஆனா ரெண்டு சந்தேகம் இருக்கு, நேரான செவுரு படத்துல வில்லு மாதிரி வளைஞ்சு வருது, இது என் தப்பா? அப்புறம் கொடில காஞ்ச துணி காத்துல ஆடி, ஒட்டற எடத்துல ஆவி மாதிரி மங்கலா ரெண்டா தெரியுது.

முக்காலி:

ரொம்ப சந்தோஷம். வளையறது உங்க தப்பு இல்ல, 180 டிகிரிய தட்டையான தாள்ல விரிக்கறப்ப கிட்ட இருக்கற நேர்கோடு வளைஞ்சே தீரும். ஹியூகின்ல புரொஜெக்‌ஷன்ல (காட்சிய தாள்ல விரிக்கற முறைல) நேர்கோட்ட நேராவே வெக்கற ரெக்டிலினியர் போட்டா நேராகும், ஆனா 120 டிகிரி தாண்டினா ரெண்டு ஓரமும் ரப்பர் மாதிரி இழுபடும். உங்களுக்கு உருளைய விரிச்ச மாதிரி வர சிலிண்ட்ரிகல்தான் சரி, கம்பிக்கு ரெண்டடி தள்ளி நின்னா வளைவு குறையும்.

துணிக்கு ஹியூகின்ல மாஸ்க் இருக்கு, ஒரு படத்துல துணிய சுத்தி கோடு போட்டு விலக்கச் சொன்னா இன்னொரு படத்துல இருக்கறத மட்டும் எடுத்துக்கும். உச்சில ஆள் நடந்தாலும் இதே வழிதான், அவர் ஒட்டற எடத்த தாண்டற வரைக்கும் காத்திருந்து அந்த ஒரு படத்த மட்டும் ரெண்டு தடவை எடுத்து வெச்சுக்கோங்க. எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் போனே சரிபண்ற மோடு) ஆஃப்ல இருக்கான்னு பாத்துடுங்க, இல்லன்னா லாக் பண்ணியும் ஒவ்வொரு படத்துலயும் வானம் வேற வேற நீலமா வரும்.

கைக்கேமரா:

நூல் வித்தைய நானும் இன்னிக்குதான் கேள்விப்படறேன். ஐபோன்லயும் சாதாரண போட்டோ மோடுல லாக் பண்ணி இதே மாதிரி எடுத்து ஒட்டலாம்தானே, இந்த வாரக் கடைசில பாத்துட்டு சொல்றேன்.

மலைமுகடு:

போய்ட்டு வந்துட்டேன்! காலைல சீக்கிரமே போனதால கூட்டம் இல்ல. ஏழு படம், மூணு தடவை எடுத்தேன், ரெண்டாவது தடவைதான் நல்லா வந்துச்சு. ஹியூகின்ல ஒட்டி ஓரம் வெட்டினப்புறம் 9100 க்கு 3300 பிக்சல் நிக்குது. கம்பி இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கம்பியா இருக்கு, அதுல காலைப் பனி முத்து முத்தா ஒட்டியிருக்கறதுகூட பெருசாக்கினா தெரியுது. வலது ஓரத்துல மட்டும் மேகம் நகந்ததால ஒரு சின்ன மங்கல் இருக்கு, அத மாஸ்க் போட்டுப் பாத்துட்டு நாளைக்கு பிரிண்டுக்கு குடுக்கறேன்.