பூங்காவில் நிற்பது சிற்பமா, பழைய இரும்பா?

செந்தூல் தாத்தா:
எங்கள் பக்கத்துப் பூங்காவில் மூன்று ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சிற்பம் வைத்திருக்கிறார்கள். வளைந்த தகடுகள், நடுவில் ஓட்டை, மேலெல்லாம் துரு. "இது என்ன தாத்தா?" என்கிறான் பேரன். எனக்குத் தெரிந்தால்தானே! கோலாலம்பூரில் தேசிய நினைவுச் சின்னம் 1966 முதல் நிற்கிறது, வெண்கலத்தில் ஏழு வீரர்கள். யாரும் விளக்கம் கேட்பதில்லை. பத்துமலை முருகனைப் பார்த்தால் கை தானாகக் குவிகிறது. இதைப் பார்த்து நான் என்ன செய்ய?

மலர்விழி:
ஐயா, புரியவில்லை என்று ஒதுக்கி ஒதுக்கித்தான் கோலாலம்பூரில் 'புஞ்சாக் பூர்ணாமா' என்ற சிற்பத்தை இழந்தோம். மலேசிய ஓவியர் சையட் அகமட் ஜமால் செய்தது. (பூர்ணாமா நம்ம பௌர்ணமிதான்.) 2016-இல் மாநகர மன்றம் அதை இடித்தது. அவர் 2011-லேயே போய்விட்டார், அதைப் பார்க்கும் கொடுமை இல்லை.

செந்தூல் தாத்தா:
பழுதாகிவிட்டது என்றுதானே இடித்தார்கள்? இது வைக்கும்போதே துரு!

வெல்டர் குமார்:
துருவுக்கு நான் பதில் சொல்கிறேன் ஐயா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கோர்ட்டென் இரும்பு. கொஞ்சம் செம்பும் குரோமியமும் கலந்திருக்கும். முதலில் பிடிக்கும் துரு இறுகித் தோல்போல் மூடிக்கொள்ளும், பெயின்ட் தேவையில்லை. ஆனால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்தால்தான் அந்தத் தோல் நிற்கும். நம் மழைக்கு அடியில் தண்ணீர் தேங்கி, இலை அழுகிக் கிடந்தால் இரும்பைத் தின்றுகொண்டே போகும். பினாங்குக் கடற்கரை என்றால் உப்புக் காற்றே போதும். வடிகால் விட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள்.

அப்புறம், நான் தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டம் பற்றவைப்பவன். மயிலிறகு கட்டுவதற்கு முன் பட்டறையில் வெறும் வளைவாகத்தான் நிற்கும். இது என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை, நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

செந்தூல் தாத்தா:
தம்பி, காவடிக்கு வேண்டுதல் உண்டு, தூக்க ஓர் ஆள் உண்டு. இதை யார் வேண்டிக்கொண்டார்கள்? அங்கே நிழலுக்கு ஒரு பெஞ்சுதான் கேட்டோம்.

மலர்விழி:
கேட்காமல் வைத்தது தப்புதான். பெயர்ப் பலகைகூட இல்லையா?

செந்தூல் தாத்தா:
"ஏறாதீர்" என்று ஒரு பலகை இருக்கிறது.

வெல்டர் குமார்:
அடியைப் பார்த்தீர்களா ஐயா?

செந்தூல் தாத்தா:
பார்த்தேன். வடிகால் இருக்கிறது, இலை அடைத்திருந்தது, குச்சியால் எடுத்துவிட்டேன். உடனே கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பேரன் வெள்ளைச் சட்டையில் துருக்கறை, பாட்டி இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.