‘இரத்தத் தந்தி’ என்ற பெயர் எப்படி வந்தது? ஆர்ச்சர் பிளட் பின்னர் என்ன ஆனார்?

கேள்வி:

வங்கதேச விடுதலைப் போரைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். 1971 ஏப்ரலில் டாக்காவிலிருந்த அமெரிக்க கன்சல் ஜெனரல் (துணைத் தூதரகத்தின் தலைவர்), தம் அரசின் கொள்கையையே கண்டித்து வாஷிங்டனுக்கு ஒரு தந்தி அனுப்பினார் என்றும், அது ‘இரத்தத் தந்தி’ எனப்படுகிறது என்றும் ஒரு தமிழ்க் கட்டுரையில் கண்டேன். படுகொலைகளைப் பற்றியது என்பதால் அப்பெயர் வந்ததா? அதை எழுதியவர் பதவியிழந்தார் என்று ஓரிடத்திலும், பின்னாளில் டெல்லியில் பணியாற்றினார் என்று வேறோரிடத்திலும் இருக்கிறது. எது சரி?

மறுமொழி 1:

நண்பரே, ‘பிளட்’ என்றால் ஆங்கிலத்தில் இரத்தம்தான்; ஆனால் இங்கே அது அந்த கன்சல் ஜெனரலின் குடும்பப் பெயர். ஆர்ச்சர் கென்ட் பிளட் 1923இல் சிகாகோவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு 1947இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பெயரை மொழிபெயர்த்ததால் நேர்ந்த பிழைதான் ‘இரத்தத் தந்தி’; ‘பிளட் தந்தி’ என்றே எழுத வேண்டும்.

வங்கதேசம் அப்போது பாகிஸ்தானின் கிழக்குப் பகுதி. 1970 டிசம்பர் தேர்தலில் வங்காளிகளின் கட்சியான அவாமி லீக் பெரும்பான்மை பெற்றும் ஆட்சி அதற்குக் கொடுக்கப்படவில்லை. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் படை டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியபோது, நகரம் எரிவதைப் பிளட் தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தார். மூன்று நாள் கழித்து அவர் அனுப்பிய தந்தியின் தலைப்பே ‘தேர்ந்தெடுத்த இனப்படுகொலை’ என்பதுதான். அமெரிக்க அதிகாரிகளின் வீடுகளில், பணியாளர்கள் தங்கும் அறைகளில், உயிருக்கு அஞ்சிய வங்காளிகள், பெரும்பாலும் இந்துக்கள், ஒளிந்திருந்தனர். வாஷிங்டனிலிருந்து கண்டனமாக ஒரு சொல்லும் வராத நிலையில்தான் ஏப்ரல் 6ஆம் நாள் தந்தி புறப்பட்டது.

மறுமொழி 2:

முதல் மறுமொழியில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்தத் தந்தியைப் பிளட் எழுதவில்லை, அதில் கையொப்பமிடவும் இல்லை. அவருக்குக் கீழே பணியாற்றிய இளம் அதிகாரி ஒருவர் வரைந்த அதில், துணைத் தூதரகத்தையும் அங்கிருந்த மற்ற அமெரிக்க அலுவலகங்களையும் சேர்ந்த 20 பேர் ஒப்பமிட்டனர். சனநாயகம் நசுக்கப்படுவதையும் கொடுமைகளையும் நம் அரசு கண்டிக்கத் தவறிவிட்டது என்று வரிக்கு வரி அடுக்கிச் செல்லும் அந்த வாசகத்தின் அடியில் பிளட் தனியே ஒரு குறிப்பு எழுதினார். மாற்றுக் கருத்தைச் சொல்ல இவர்களுக்குள்ள உரிமையை ஆதரிக்கிறேன். இக்கருத்துகள் எனக்கும் உடன்பாடே. ஆனால் அலுவலகத் தலைவராக இருக்கும்வரை இதில் ஒப்பமிடுவது முறையாகாது என்பது அதன் சாரம்.

நான் அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்தவன். கீழிருந்து வரும் சங்கடமான கடிதத்தை ‘தக்க நடவடிக்கைக்காக மேலனுப்பப்படுகிறது’ என்ற ஒரே வரியோடு தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை அறிவேன். பிளட்டுக்கும் அந்த வழி இருந்தது. அவரோ முறையையும் மீறாமல், தம் நிலைப்பாட்டையும் மறைக்காமல், இளையவர்களுக்கு வரவிருந்த அடிக்குத் தாமே முன்வந்து நின்றார்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. அவர் ஒப்பமிடவில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. அப்படியானால் தண்டனை மட்டும் எப்படி அவர்மேல் விழுந்தது?

மறுமொழி 2:

அந்தக் குறிப்பே போதுமானதாக இருந்தது. அதிபர் நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் வழியாகச் சீனாவுடன் இரகசியத் தொடர்பு வளர்த்துவந்த நேரம் அது. ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானிலிருந்துதான் பீஜிங்குக்கு மறைவாகப் பறந்தார். யாஹ்யாவை இப்போது நெருக்க வேண்டாம் என்று நிக்சன் அந்நாட்களில் தம் கைப்பட எழுதியிருக்கிறார். டாக்காவிலிருந்த அதிகாரிகளுக்கு அந்தச் சீனப் பேச்சு தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர்கள் வேறுவிதமாக எழுதியிருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அவர் பதவியிழந்தாரா என்று நீங்கள் கேட்டதற்கான விடை: பிளட் பணிநீக்கம் செய்யப்படவில்லை. பதவிக்காலம் முடியுமுன்பே டாக்காவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டு, வாஷிங்டனில் பணியாளர் பிரிவில் அமர்த்தப்பட்டார். அதே 1971இல் அமெரிக்க வெளியுறவுப் பணியாளர் சங்கம், துணிவான மாற்றுக் கருத்துக்காக அவருக்கு ஹெர்ட்டர் விருது வழங்கியது. பின்னாளில் டெல்லித் தூதரகத்தில் இரண்டாம் நிலையில் இருந்து, தூதர் இல்லாதபோது பொறுப்பும் வகித்தார். ஆனால் தூதர் பதவி அவருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. 1982இல் ஓய்வுபெற்று, 2004இல் கொலராடோவில் காலமானார்.

மறுமொழி 1:

ஐயா குறிப்பிட்ட அந்த அடிக்குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. இப்போராட்டம் பெரும்பாலும் வங்காளிகளின் வெற்றியிலும் சுதந்திர வங்கதேசம் அமைவதிலும்தான் முடியும் என்றும், வெற்றிபெறப்போகிறவர்களைப் பகைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது என்றும் பிளட் அதில் எழுதினார். டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அதே நகரில் அமெரிக்க மையத்தின் நூலகத்துக்கு 2005இல் ஆர்ச்சர் பிளட்டின் பெயர் சூட்டப்பட்டது.