பை-பல்ஸில் ஜி2(0) 0.31: புள்ளி மோசமா, லேசர் கசிவா?

ஒளிக்கீற்று:
இண்டியம் காலியம் ஆர்சனைடு குவாண்டம் புள்ளி (ஒரு பல்ஸுக்கு ஒரு ஃபோட்டான் தர வேண்டிய நானோ அளவுத் துகள்), 4 கெல்வின், 930 நானோமீட்டர் டிரையான் (கூடுதல் மின்னூட்டம் ஒன்று சேர்ந்த கிளர்நிலை). ஒத்த அலைநீளத்திலேயே 3 பைக்கோவிநாடி பை-பல்ஸ் (புள்ளியை முழுதாகக் கிளர்த்தும் லேசர் பல்ஸ்) கொடுத்து, குறுக்கு முனைவாக்கத்தால் (லேசருக்குச் செங்குத்தான முனைவாக்கத்தை மட்டும் விட்டு) லேசரைத் தடுக்கிறேன். விநாடிக்கு 1,20,000 எண்ணிக்கை. டிரையான் நிலை கலையும் அளவுக்கு கேட் வோல்டேஜை நகர்த்தினால் 20,000 மிஞ்சுகிறது. ஜி2(0), அதாவது ஒரே பல்ஸில் ஒன்றுக்கு மேல் ஃபோட்டான் வருவதைக் காட்டும் எண் (தூய ஒற்றை ஃபோட்டானுக்கு 0, லேசருக்கு 1), 0.31. புள்ளியை மாற்ற வேண்டுமா?

அரைக்கடத்தி:
வேண்டாம், விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. புள்ளி அணைந்த பிறகும் மிஞ்சும் 20,000 லேசர் கசிவு. ஆக 1,20,000-இல் புள்ளியின் பங்கு 1,00,000, அதாவது 5/6. கசிவு சாதாரண லேசர் ஒளி என்பதால் ஜி2(0) = 1 − (5/6)² = 0.31. புள்ளி அப்பழுக்கற்றதாக இருந்தாலும் இதே எண்தான் வரும்.

3 பைக்கோவிநாடி பல்ஸின் நிறமாலை அகலம் சுமார் 150 கிகாஹெர்ட்ஸ். புள்ளியின் கோடோ 1 கிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடாது. 20 கிகாஹெர்ட்ஸ் கிரேட்டிங் வடிகட்டி வைத்தால் கசிவில் எட்டில் ஒரு பங்குதான் தப்பும். ஃபோனான் பக்கப்பட்டையும் (படிக அதிர்வால் கோட்டைச் சுற்றிப் பரவும் புள்ளியின் ஒளி) வெட்டுப்படுவதால் சிக்னலில் 10% போல இழப்பீர்கள். ஜி2(0) 0.05 பக்கம் வந்துவிடும்.

மைக்ரான்:
வடிகட்டிக்கு முன் ஒரு கேள்வி: ஒளியை எந்த ஃபைபரில் எடுக்கிறீர்கள்?

ஒளிக்கீற்று:
மல்டிமோடு. எண்ணிக்கை கூடுதலாகக் கிடைக்கிறதே என்று.

மைக்ரான்:
அங்கேதான் ஓட்டை. குவிந்த கற்றை திரும்பும்போது குறுக்கு முனைவாக்கத்தில் நாலிதழ் வடிவில் கொஞ்சம் லேசர் மிஞ்சும். சிங்கிள்மோடு ஃபைபர் அந்த வடிவத்தை ஏற்காது. மல்டிமோடு அப்படியே விழுங்கிவிடும். மாற்றியபின் போலரைசரையும் கால் அலைத் தகட்டையும் மாறி மாறித் திருகி, கசிவைக் குறைத்துக்கொண்டே போங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் பாதி வழியில் நின்றுவிடும். 0.02 டிகிரி பிசகினாலே 1 கோடியில் 1 என்ற தடுப்பு போய்விடும், ஆகவே கைத்திருகு போதாது, பியசோ சுழற்றி வேண்டும்.

பைக்கோ:
பல்ஸை நீட்டிக் கசிவைக் குறைக்கும் ஆசை வரும், செய்யாதீர்கள். கிளர்நிலையின் ஆயுட்காலம் 700 பைக்கோவிநாடி என்றால் 3 பைக்கோவிநாடி பல்ஸில் மறுகிளர்வு கண்ணுக்கே தெரியாது. 100 ஆக்கினால், பல்ஸ் ஓயுமுன் ஒரு ஃபோட்டானை உமிழ்ந்த புள்ளி மறுபடி கிளர்ந்து இரண்டாவதையும் தரும். அதை எந்த முனைவாக்கியும் தடுக்காது.

இன்னொன்று, புள்ளி சிமிட்டினால் (அவ்வப்போது அணைந்து எரிந்தால்), ஜி2 வரைபடத்தில் பூஜ்ய கால இடைவெளிக்கு அருகிலுள்ள சிகரங்கள் உயர்ந்து நிற்கும். அவற்றால் வகுத்தால் ஜி2(0) பொய்யாகக் குறையும். உயரம் சமமாகிவிட்ட தொலைவுச் சிகரங்களால் வகுங்கள்.