தேர்தல் சர்வே: வாசலில் என்ன பதில் வருகிறது, கணக்கு எங்கே சறுக்குகிறது? (அனுபவப் பகிர்வு)

பூத்வாரி:

தமிழ்நாட்டில் தேர்தல் சர்வே என்று பேச்செடுத்தாலே 2016-ஐத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அந்த மே மாதம் வந்த எக்சிட் போல்களில் (ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களைக் கேட்டு எடுக்கும் கணிப்பு) பெரும்பாலானவை திமுக அணிக்கு ஆட்சி என்றன. அதிமுகவுக்கு 139 என்று சொன்ன சி-வோட்டர் நிறுவனம் விதிவிலக்கு. அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் பணப்பட்டுவாடா புகாரில் தள்ளிவைக்கப்பட்டதால் தேர்தல் நடந்தது 232 தொகுதியில். அதிமுக 134, திமுக அணி 98. வாக்குகளில் இரண்டு அணிக்கும் இடைவெளி சுமார் ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்தை வைத்து ஆட்சி யாருக்கு என்று அடித்துச் சொன்னதே முதல் தவறு.

களத்தில் இறங்கி வேலை பார்ப்பவர்கள், நேரில் எதிர்கொள்வதை எழுதுங்கள். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்ற வாதம் இங்கே வேண்டாம். யாரைப் பேட்டி எடுப்பது என்று வாக்காளர் பட்டியலில் பெயர் எடுப்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு பாகத்தில் (ஒரு பூத்துக்கான பட்டியல்) 1,100 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 பேட்டி முடிக்க வேண்டுமானால் 20 பெயர் எடுங்கள். 1,100-ஐ 20-ஆல் வகுத்தால் 55. ஒன்றிலிருந்து 55-க்குள் குலுக்கலில் ஓர் எண். 23 விழுந்தால் 23, 78, 133 என்று 55 கூட்டிக்கொண்டே போனால் 1,068-ல் முடியும். பட்டியல் தெருவாரியாக இருப்பதால் எல்லாத் தெருவும் தானாக உள்ளே வந்துவிடும். லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு அமைப்பின் சர்வேக்களில் பெயர் எடுப்பதும் இந்த முறையில்தான்.

பலரும் கோட்டைவிடும் இடம், பட்டியலின் கடைசியில் வரும் துணைப் பட்டியல். புதிதாகச் சேர்ந்த 18, 19 வயதுக்காரர்களும் கல்யாணமாகி ஊர் மாறி வந்த பெண்களும் அங்கேதான் இருப்பார்கள். அதை விட்டுவிட்டு, "இளைஞர் ஓட்டு சாம்பிளில் குறைகிறது" என்று பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

பட்டியல் இல்லாமல் "வலது கைப் பக்கம், ஐந்தாவது வீடு" என்று ஆட்களை அனுப்பினால், மெயின் ரோட்டைத் தாண்ட மாட்டார்கள். ஊர்ப் பகுதி முடிவதற்குள் 10 பேட்டி நிறைந்துவிடும். காலனிப் பக்கம் ஒருவர்கூடப் போயிருக்க மாட்டார். அந்த பூத்தின் முடிவு அங்கேயே கோணலாகிவிட்டது.

இன்னொன்று. 2025 கடைசியில் வந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்த (எஸ்ஐஆர்) வரைவில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. பூத்துக்கு 1,200 பேர் என்ற வரம்பால் பாகங்களும் பிரிந்திருக்கின்றன. பழைய பிடிஎஃப்-ஐ வைத்துக்கொண்டு யாரும் களத்துக்குப் போகாதீர்கள்.

தெக்கத்திக் களம்:

நேரம்தான் பாதி வேலை. காலையில 10 மணிக்குக் கிராமத்துக்குள்ள போனா திண்ணையில வயசானவங்க மட்டும்தான் இருப்பாங்க. பொம்பளைங்க நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போயிருப்பாங்க. சிவகாசிப் பக்கம்னா தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு வேலை. சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணி வரைக்கும்தான் ஆள் கிடைக்கும். ஆள் இல்லைன்னு பக்கத்து வீட்டுல முடிச்சுட்டு வர்றது பெரிய தப்பு. குறைஞ்சது ரெண்டு தடவை, வேற வேற நேரத்துல போகணும். எப்பவும் வீட்டுல இருக்கிறவரோட அரசியலும், திருப்பூருக்கு பஸ் ஏறுறவரோட அரசியலும் ஒண்ணு இல்ல.

வாசல்ல வர்ற பதில்களைச் சொல்றேன், புதுசா வர்றவங்களுக்கு உதவும்.

"எல்லாருக்கும்தான் போடணும்" — சொல்ல இஷ்டமில்லைன்னு அர்த்தம். இதை "முடிவு செய்யவில்லை"ன்னு குறிக்கக் கூடாது. "சொல்ல மறுத்தார்"னு தனிக் குறியீடு வேணும். ரெண்டையும் கலந்துட்டா, பிறகு அந்தக் கூட்டத்தைப் பிரிக்கவே முடியாது.

"ஜெயிக்கிறவங்களுக்குத்தான்" — இதுக்கு மேல ஒரே ஒரு கேள்வி: "உங்க ஊர்ப் பக்கம் யாரு கை ஓங்கியிருக்குங்க?" பதிலைத் தனிக் கட்டத்துல எழுதணும், ஓட்டுக் கணக்குல சேர்க்கக் கூடாது.

"வீட்டுக்காரரைக் கேளுங்க" — இதுதான் அடிக்கடி வரும். "பட்டியல்ல உங்க பேருதாம்மா விழுந்திருக்கு, நீங்க சொன்னாத்தான் கணக்குல சேரும்"னு தன்மையாச் சொல்லணும். ரெண்டு பேரா போறது இதுக்குத்தான். ஒருத்தர் அண்ணன்கிட்ட மழை, விளைச்சல்னு பேசி நாலடி தள்ளிக் கூட்டிட்டுப் போகணும். இன்னொருத்தர், முடிஞ்சா பெண் ஆய்வாளர், அம்மாகிட்ட கேட்கணும். புருஷன் பக்கத்துல நிக்கிறப்ப வாங்கின பதிலுக்கு "மற்றவர் உடனிருந்தார்"னு குறிச்சு வைங்க. அந்தப் பதில்களைத் தனியா எடுத்துப் பார்த்தா வித்தியாசம் தெரியும்.

சந்தேகம் ரெண்டு விதமா வரும். பணம் குடுக்கப் பேர் எழுதுறாங்கன்னு ஒண்ணு. மாசம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையை நிறுத்தக் கணக்கெடுக்கிறாங்கன்னு இன்னொண்ணு. ரெண்டாவது பயம் இருக்கிற வீட்டுல ஆளுங்கட்சிக்குன்னுதான் பதில் வரும். அதனால ரேஷன் கார்டு, ஆதார் பேச்சே எடுக்கக் கூடாது. போன் நம்பர் கடைசிக் கேள்வியா இருக்கணும். கரை வேட்டி, கட்சிக் கலர்ல துண்டு, கையில கட்சிக் கலர் கயிறு, எதுவும் ஆகாது. உள்ளூர்க் கட்சிக்காரர் யாரும் வழி காட்டக் கூட வரக் கூடாது.

கேள்வித்தாள்:

தெக்கத்தி அண்ணன் சொன்ன தயக்கத்துக்கு நல்ல மருந்து, நாமே அடித்துக் கொண்டுபோகும் மாதிரி வாக்குச்சீட்டுதான். சின்னம் அச்சடித்த சீட்டு, பூட்டிய சின்னப் பெட்டி, ஒரு பேனா. அவரே ஓரமாகப் போய்க் குறித்து மடித்துப் போடட்டும். சீட்டின் பின்பக்கம் பேட்டி எண் முன்கூட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் சீட்டு எந்தப் பேட்டியுடையது என்று இணைக்க முடியாது. அந்த எண்ணைப் பார்த்து "அப்ப தெரிஞ்சிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் எங்கேயும் எழுதப்படாது என்று பேட்டித் தாளைத் திருப்பிக் காட்டிவிடுங்கள்.

சீட்டு தொகுதிவாரியாக இருந்தாக வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே சீட்டு அடித்தால் தமிழ்நாட்டில் உருப்படாது. 2021-ல் மதிமுக வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றார்கள், விசிக பானையில் நின்றது. பானை நின்ற தொகுதியில் சீட்டில் சூரியன் இருந்தால் திமுக ஆதரவாளர் அதில் குத்திவிடுவார். தேர்தல் நாளில் சூரியன் அங்கே இல்லை. அவர் பானைக்கு மாறுவாரா என்பதுதான் உண்மையான கேள்வி, அதை நாம் கேட்கவே இல்லை. கூட்டணி ஓட்டு மாறுகிறதா என்று அளக்க வேண்டிய இடத்தில் அப்படியே மாறிவிடும் என்று எடுத்துக்கொண்டதாகிவிடும். தாமரை நின்ற தொகுதியில் இரட்டை இலைக்காரருக்கும் இதே கதை. நாம் தமிழருக்கு 2021-ல் கரும்பு விவசாயி, 2024-ல் மைக். சின்னம் ஒதுக்கும் முன்பே சீட்டு அடித்தால் சிறிய கட்சிகளின் கணக்கு கெட்டுப்போகும்.

கேள்வி வரிசையும் முக்கியம். முதலில் விலைவாசி, குடிநீர், மின்கட்டணம் என்று ஐந்து குறை கேட்டுவிட்டு ஆறாவதாக "யாருக்கு ஓட்டு?" என்று கேட்டால், ஆளுங்கட்சிக்குச் சில சதவீதம் குறையும். திட்டங்களை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கேட்டால் கூடும். ஓட்டுக் கேள்வி முன்னால் வரட்டும், குறையும் திட்டமும் பிறகு. ஒரு நிறுவனத்தின் முடிவைப் படிக்கும்போது முழுக் கேள்வித்தாளும் தராமல் முடிவு மட்டும் தந்தால், அதை நம்பிப் பேச வேண்டியதில்லை என்பது என் கருத்து.

புதுவாசகர்:

ஒரு சந்தேகம். 2,000 பேரைக் கேட்டு ஆறு கோடி பேர் மனசை எப்படிச் சொல்றது? அதோட எல்லா சர்வேயிலும் "பிழை வரம்பு 3 சதவீதம்"னு போடறாங்களே, அது உண்மையா?

நுண்கணக்கு:

2,000 போதும், ஆனால் எப்படி எடுத்த 2,000 என்று பார்க்க வேண்டும். 50 தொகுதி, தொகுதிக்கு 4 பூத், பூத்துக்கு 10 பேர் என்றாலும் 2,000. 50 தொகுதி, 2 பூத், 20 பேர் என்றாலும் 2,000. இரண்டும் சமமில்லை. ஒரே பூத்தில் இருப்பவர்கள் ஒரே சாதி, ஒரே தொழில், ஒரே தண்ணீர்ப் பிரச்சினை என்று ஒட்டியே ஓட்டுப் போடுவார்கள். அந்த ஒட்டுதலை (0 என்றால் ஒட்டுதலே இல்லை, 1 என்றால் பூத்தில் எல்லோரும் ஒரே மாதிரி) 0.1 என்று வைத்துக்கொண்டால், பூத்துக்கு 10 பேர் எடுத்த 2,000 என்பது தனித்தனியாக எடுத்த சுமார் 1,050 பேருக்குச் சமம். பூத்துக்கு 20 பேர் எடுத்தால் சுமார் 690 பேருக்குத்தான் சமம். முதல் வகையில் 40 சதவீத ஓட்டுக்குப் பிழை கூட்டியோ குறைத்தோ 3, இரண்டாவதில் 3.7.

அந்த 3 சதவீதம் ஒரு கட்சியின் ஓட்டுக்கு. இரண்டு அணிகளின் இடைவெளிக்குப் பிழை அதைவிடப் பெரிது. முதல் வகையில்கூடச் சுமார் 5.4 வரும். 2016 மாதிரி ஒரு சதவீத இடைவெளியை உறுதியாகச் சொல்ல, தனித்தனியாக எடுத்தால்கூட 31,000 பேர் வேண்டும். பூத்வாரியாக எடுத்தால் அதற்கு இரண்டு மடங்கு. இதெல்லாம் குலுக்கல் பிழை மட்டும். வாசலில் மறைக்கப்பட்ட பதில், கிடைக்காத ஆள், கடைசி இரவில் மாறிய மனம் எதுவும் இந்தக் கணக்கில் வராது.

அடுத்தது இடங்களாக மாற்றுவது. போன தேர்தல் ஓட்டில் எல்லாத் தொகுதியிலும் ஒரே அளவு கூட்டிக் குறைத்துப் போடும் முறை, கூட்டணி மாறாத மாநிலத்துக்குச் சரி. இங்கே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை யார் யாரோடு என்பதே மாறுகிறது. தனியாக நிற்பவர்களின் ஓட்டும் இடத்துக்கு இடம் வேறுபடும். 2021-ல் தியாகராய நகர் 137 ஓட்டில் முடிந்தது, மொடக்குறிச்சி 281-ல். 2016-ல் ராதாபுரம் 49-ல். எந்தச் சர்வே கணக்கும் இதைச் சொல்லாது. ஆகவே ஒரே எண்ணாக "இத்தனை இடம்" என்று போடாமல், இழுபறித் தொகுதிகளைத் தனியாகக் காட்டுவதுதான் நேர்மை.

கொங்குக்களம்:

2021-ஐயும் சேர்த்துக்கோங்க. ஆட்சி யாருக்குன்னு எக்சிட் போல் எல்லாம் சரியாச் சொல்லிடுச்சு, அதனால யாரும் தோண்டிப் பார்க்கல. ஆக்சிஸ் மை இந்தியா திமுக அணிக்கு 175-லிருந்து 195 வரைன்னு சொன்னாங்க, வந்தது 159. மேற்கு மாவட்டங்களைப் பாருங்க. கோயம்புத்தூர் மாவட்டத்துல 10-க்கு 10 அதிமுக அணி. சேலத்துல 11-க்கு 10. மாநில அலையை அப்படியே கொங்குப் பக்கம் பூசினா இது வராதுங்க. மாநிலத்துக்கு 2,000 பேர்னா மேற்குக்கு நானூறு, ஐந்நூறு பேர்தான் வருவாங்க. அதை வெச்சு ஐம்பது தொகுதிக்கு மேல சொல்றது தைரியம் மட்டும்தான். வடக்கு, மேற்கு, டெல்டா, தெற்கு, சென்னைன்னு தனித்தனியா ஆயிரம் பேராவது எடுக்கணும்.

மேற்பார்வை:

போலிப் பேட்டி பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக. பேட்டிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் மர நிழலில் உட்கார்ந்து டேப்லெட்டில் தாங்களே பதில் நிரப்புவது நடக்கும். நாள் கூலியாகக் கொடுங்கள். 20 நிமிடக் கேள்வித்தாள் 6 நிமிடத்தில் முடிந்திருந்தால் அந்த ஆளின் அன்றைய பேட்டி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். பத்து பேட்டியும் ஒரே ஜிபிஎஸ் புள்ளியில் இருக்கிறதா, "சொல்ல மறுத்தார்" ஒன்றுகூட இல்லையா, இரண்டும் அபாயக் குறி. நிஜக் களத்தில் மறுப்பு இல்லாமல் ஒரு பூத்கூட முடியாது. பத்தில் ஒன்றையாவது மறுநாள் வேறு ஆள் போய்ச் சரிபார்க்க வேண்டும். போனில் சரிபார்த்தால் போதாது, அந்த நம்பரும் ஆய்வாளரின் நண்பருடையதாக இருக்கலாம்.

பூத்வாரி:

எல்லோருக்கும் நன்றி. எடை போடுவது (சாம்பிளில் கூடிக் குறைந்த பிரிவினரின் பதிலைச் சரிக்கட்டுவது) பற்றி ஒன்று. பேட்டியில் "போன தடவை யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டு அதை வைத்துச் சரிக்கட்டுகிறார்கள். ஜெயித்த கட்சிக்குப் போட்டதாகச் சொல்பவர்கள் எப்போதும் உண்மையைவிட அதிகம். அதற்குப் பதில் தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-ஐ எடுங்கள். பூத்வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதிலேயே இருக்கிறது, தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் கிடைக்கும். நீங்கள் எடுத்த 200 பூத்களின் 2021 ஓட்டைக் கூட்டி மாநில ஓட்டோடு ஒப்பிட்டால், பூத்களே ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று களத்துக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். பாகம் பிரிந்த இடங்களில் எண்ணை நம்பாமல் தெருப் பெயரை வைத்துப் பொருத்த வேண்டும், சலிப்பான வேலைதான். ஓட்டுப்பதிவு விகிதத்துக்கும் எடை வேண்டும். 2021-ல் கரூர் மாவட்டம் 83 சதவீதத்தைத் தாண்டியது, சென்னை 59-ல் நின்றது. சென்னைக்காரர் பத்துப் பேரும் ஓட்டுப் போடுவேன் என்றுதான் வாசலில் சொல்வார்கள்.

எக்சிட் போல் எடுப்பவர்களுக்கு: நூறு மீட்டருக்கு வெளியே நில்லுங்கள், எத்தனையாவது ஆள் என்பதைக் காலையிலேயே முடிவு செய்து மாற்றாதீர்கள், காலை 7-லிருந்து மாலை 6 வரை ஒரே அளவில் எடுங்கள். மதியத்தோடு நிறுத்தினால் வேலை முடித்து வரும் கூட்டம் விடுபடும். எண்களை வாட்ஸப்பில் நண்பருக்குக்கூட அனுப்பக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவில், கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் வரை எக்சிட் போல் முடிவு வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. தமிழ்நாட்டில் ஒரே நாளில் முடிந்தாலும், அதே அட்டவணையில் வேறு மாநிலத்துக்குக் கட்டம் பாக்கி இருந்தால் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.