சேலத்தில் கடல்நீர்த் தொட்டி: குழாய் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அழகாபுரம்:

வீட்டில் கடல் மீன் வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மீனைப் பற்றிப் பேசுகிறோம். குழாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பணத்தையும் தூக்கத்தையும் தொலைப்பது குழாயில்தான். கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று பார்க்காமல் ஒரு பிடி உப்புகூடக் கலக்காதீர்கள். நான் பட்டதை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்களும் உங்கள் ஊர் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

என் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 250 லிட்டர் பிடிக்கும். ஸ்டாண்டுக்குள் இரண்டரை அடி நீளத்தில் சம்ப், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த்தொட்டி. மேல்தொட்டியின் மூலையில் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டி வழிகிற தண்ணீர் குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும், அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் இருக்கும் அறையைக் கடக்கும், கடைசி அறையிலுள்ள மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும்.

குழாய் வேலைக்கு எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிற அண்ணனைக் கூப்பிட்டேன். வேலை அத்தனை சுத்தம். கண்ணாடி ஓட்டையில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிளைக் கையில் வைத்து அளந்த பிறகுதான் வைர பிட் வாங்க அனுப்பினார். ஓட்டை போடும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சின்னப் பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி, டிரில்லை மெதுவாக ஓடவிட்டு, பிட் தன் எடையிலேயே இறங்கட்டும் என்று பொறுமையாக நின்றார். வெள்ளையாகக் கண்ணாடிப் பால் ஊறிக்கொண்டே இருந்தது. கடைசியில் வட்டத் துண்டு டப்பென்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. (டஃபன்டு கண்ணாடியில் இதைச் செய்ய முடியாது, மொத்தமும் தூளாகிவிடும். சாதாரணக் கண்ணாடிதானா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

"மொட்டைமாடி டேங்குக்கு ஏத்தற மாதிரிதானே சார்?" என்றார். நானும் ஆமாம் என்றேன். தப்பு அங்கேதான்.

மாடி டேங்கில் குழாய் மேலே நின்று ஊற்றும். மோட்டார் நின்றால் டேங்க் தண்ணீர் அசையாது. எனக்குச் சளசளவென்ற சத்தம் வேண்டாம் என்பதால், ஏற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 9 சென்டிமீட்டர் கீழே வைக்கச் சொன்னேன். மோட்டார் நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திரும்ப இழுக்க ஆரம்பிக்கும். வாய் வெளியே தெரிந்து காற்று புகும்வரை நிற்காது. நடுவில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

ஏப்ரல் மாதம், ராத்திரி பத்து மணி இருக்கும். கரண்ட் போனது. இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். தொட்டிப் பக்கம் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எழுந்து போனால் கால் ஈரம். டார்ச் அடித்துப் பார்த்தேன், சம்பின் விளிம்பில் தண்ணீர் கண்ணாடி விரித்த மாதிரி வழிந்துகொண்டிருந்தது. என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் சுமார் 5.5 லிட்டர். 9 சென்டிமீட்டருக்கு 50 லிட்டர். சம்பில் காலியாக இருந்த இடமோ 30 லிட்டர்தான். வால்வைக் கழற்றிப் பார்த்தபோது அதன் மூடியில் நத்தை ஓட்டின் சில்லு ஒன்று, நகக்கீற்று அளவுக்கு, சிக்கியிருந்தது. அதற்கு மேல் மூடி மூடவில்லை.

நாங்கள் முதல் மாடியில் குடியிருக்கிறோம். மறுநாள் காலையில் கீழ்வீட்டு அக்கா கூப்பிட்டுக் கூரையைக் காட்டினார். "வெறும் தண்ணின்னா காஞ்சிரும் தம்பி. உப்புத் தண்ணி செவுத்துக்குள்ள போனா பெயிண்டே நிக்காதே" என்றார். அவர் சொன்னது சரி. அந்த இடத்தை இரண்டு தடவை சுரண்டிப் பூசிக் கொடுத்தேன்.

இப்போது குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே. அதற்கும் மேலே, தண்ணீர் மூடுகிற அளவில், குழாயிலேயே 4 மில்லிமீட்டர் ஓட்டை. மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். பாசி அடைத்துக்கொள்ளும் என்பதால் வாராவாரம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். நான்-ரிட்டர்ன் வால்வை எடுத்தே விட்டேன். அதை நம்பிக் கணக்குப் போடுவதைவிட அது இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுவது எனக்கு நிம்மதி. இறங்கும் குழாயும் ஒன்றுக்கு இரண்டு. ஒன்றில் கேட் வால்வு வைத்து முழுக்கத் தண்ணீர் நிறைந்து சத்தமில்லாமல் ஓடவிட்டிருக்கிறேன். அதில் மீனோ பாசியோ அடைத்தால் மற்றது ஏற்கும். அந்த இரண்டாவது குழாயில் வால்வு கிடையாது, என்றைக்கும் திறந்தே இருக்கும்.

குகை:

எனக்கு நேர்ந்தது வேறு. சம்ப் பக்கம் ஒரு இடத்தில் பி.வி.சி. பால் வால்வு கிடைக்கவில்லை என்று பித்தளை வால்வு போட்டுவிட்டோம். முக்கால் இஞ்சு, நல்ல கனம், பார்க்கவே உறுதியாக இருந்தது. மூன்றாவது வாரம் இறால் செத்தது. பிறகு நத்தைகள் ஒவ்வொன்றாகக் கல்லிலிருந்து விழுந்தன. கோமாளி மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி தின்றுகொண்டிருந்தன. மீன் கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, சரியாகத்தான் இருந்தது. என்ன தப்பு என்றே பிடிபடவில்லை.

என் மாமா பாத்திரக் கடை வைத்திருந்தவர். வந்து பார்த்துவிட்டு, "உப்புல பித்தளை களிம்பு ஏறாம என்ன பண்ணும்?" என்றார். கழற்றினால் உள்ளே பச்சை. பித்தளையில் பெரும்பங்கு செம்பு. மீன் கொஞ்சம் தாங்கும், இறாலும் நத்தையும் துளிகூடத் தாங்காது. தொட்டியிலுள்ள கல்லிலும் செம்பு ஊறிவிடும். கார்பன் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி, இரண்டு மாதம் கழித்துத்தான் அடுத்த இறாலை விட்டேன். ஓஸுக்குப் போடும் இரும்பு கிளாம்பையும் பாருங்கள், துருப்பிடித்துச் சொட்டும். பிளாஸ்டிக் கிளாம்ப் போதும்.

ஏற்காடு:

உங்களுக்கெல்லாம் வெயில் பிரச்சினை, எனக்குக் குளிர். சேலத்தில் தொட்டிமேல் ஃபேன் வைத்து இரண்டு மூன்று டிகிரி இறக்குகிறார்கள். நான் ஹீட்டர் போட்டு 25 டிகிரியில் பிடித்து வைக்கிறேன். அந்த ஹீட்டரை மோட்டார் இருக்கும் கடைசி அறையில் வைத்ததுதான் நான் செய்த தவறு. ஆவியாவதால் மட்டம் குறைவது அந்த அறையில்தான், மற்ற அறைகளில் மட்டம் அப்படியே நிற்கும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தபோது ஹீட்டர் பாதி வெளியே நின்று கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. இப்போது நடு அறையில் படுக்கை வசத்தில் இருக்கிறது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இருந்ததால் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அது இல்லாமல் கடல்நீர்த் தொட்டி வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்று, இங்கே உயரம் 1500 மீட்டர். காற்றழுத்தம் கீழேயுள்ளதைவிடக் குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. மீன் பையைச் சேலத்தில் இறுக்கிக் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து பார்த்தால், பை பலூன் மாதிரி உப்பி நிற்கும். ஆக்சிஜன் குறைவு என்பதால், நீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்கும்படி குழாய் வாயை மேல்நோக்கித் திருப்பியிருக்கிறேன். மழைக்காலத்தில் கிளை ஒடிந்து லைன் போனால் மணிக்கணக்காகும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று தயாராக இருக்கட்டும்.

சூரமங்கலம்:

அண்ணா, நான் இப்போதுதான் தொடங்குகிறேன். எங்கள் வீடு மாக்னசைட் ஜங்ஷன் பக்கம். பூமியே வெள்ளைக்கல், அதாவது மக்னீசியம் உள்ள மாக்னசைட். போர் தண்ணீரில் மக்னீசியம் இருக்கும், கடல்நீருக்கும் மக்னீசியம் வேண்டும் என்கிறார்கள். அப்படியே உப்பைக் கலக்கலாமா?

அழகாபுரம்:

வேண்டாம் தம்பி. கடல்நீரில் லிட்டருக்கு 1300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் 400 சொச்சம் கால்சியமும் இருக்கும். அந்த விகிதம் உப்புப் பையிலேயே இருக்கிறது. போர் தண்ணீர் அதைக் குலைக்கும், கூடவே சிலிக்கா, நைட்ரேட் எல்லாம் வந்து கல் முழுக்கப் பழுப்புப் பாசி படியும். ஆர்.ஓ., அதற்குப் பிறகு மிச்சமுள்ள தாதுக்களையும் நீக்கும் டி.ஐ. ரெசின், மீட்டரில் டி.டி.எஸ். (கரைந்திருப்பவற்றின் அளவு) சுழியம் காட்டிய பிறகுதான் உப்பு. முடிந்தால் கார்ப்பரேஷன் குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீரை ஆர்.ஓ.வுக்குக் கொடுங்கள். குளோரின் இருக்கும், அதனால் மெம்ப்ரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் வேண்டும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக வெறும் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, உள்ளேயே தங்கும்.

அதற்கெல்லாம் முன்னால், குழாய்களைச் சொல்யூஷன் (பி.வி.சி. பசை) போட்டு ஒட்டி ஒரு முழு நாள் காய்ந்ததும் சாதாரணத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஓட்டுங்கள். தினமும் மெயினை அணைத்து, சம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

சூரமங்கலம்:

ஒரு வாரம் ஓட்டிவிட்டேன் அண்ணா. கழற்றி மாட்டும் குழாய் இணைப்பான யூனியன் ஒன்றில் சொட்டியது, வாஷரைத் திருப்பிப் போட்டதும் நின்றது. அணைத்தால் 14 லிட்டர் இறங்குகிறது, சம்பில் 25 லிட்டருக்கு இடம் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது இப்போது இருக்கும் மட்டத்துக்குமேல் நிரப்பக்கூடாது என்று மார்க்கரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு ஆர்.ஓ. பிடிக்க ஆரம்பிக்கிறேன்.